ஆறாத புண்ணும் உறங்காத இரவும்

கருங்கல் சந்தையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், தென்னந்தோப்புக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. பாதையின் முடிவில் ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு பாட்டி, காலை நீட்டி உட்கார்ந்து இருக்கிறார். இடது கணுக்காலுக்கு மேலே துணிக்கட்டு.

கட்டுக்கு உள்ளே ஒரு புண். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அதற்கு வயது பத்து மாதம்!

பாட்டி இளம் வயதிலேயே "அண்டி ஆபீசு"க்கு வேலைக்குப் போனவர். முந்திரிக்கொட்டை ஆலையைக் குமரி மாவட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கொட்டை உடைக்கும் இடத்தில் குத்தவைத்து உட்கார வேண்டும். பருப்பைத் தரம் பிரிக்கும் இடத்தில் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். இப்படி முப்பது வருஷம் ஓடிவிட்டது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. பிறகு ஒரு நாள் விறகுச் சுள்ளி கீறியது. சின்னக் கீறல்தான். அது ஆறவே இல்லை.

"மருந்து போடாத நாள் கிடையாது, மக்களே. பச்சிலையும் வெச்சாச்சு, ஊசியும் போட்டாச்சு. ராத்திரி ஆனா உறக்கம் இல்ல. நோவு ஒரு பக்கம். காலை வெட்டி எடுத்துருவாவளோன்னு பயம் ஒரு பக்கம்" என்றார் பாட்டி.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்க கால் நாறுதுன்னு பேரன் பக்கத்துல வரமாட்டான்."

பத்து மாதத்தில் பாட்டியின் புண்ணைப் பார்த்தவர்கள் பலர். மருந்து எழுதிக் கொடுத்தவர்களும் பலர். "ராத்திரி தூங்குகிறீர்களா?" என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லையாம்.

தூக்கத்துக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கவலைக்கும் புண்ணுக்கும், வலிக்கும் புண்ணுக்கும் சம்பந்தம் உண்டு. இது பாட்டி வைத்தியம் அல்ல. நாள் எண்ணி, அளவு எடுத்துக் கண்டுபிடித்த சங்கதி.

9 நாள் தாமதம்

அமெரிக்காவில் ஓகையோ என்று ஒரு மாநிலம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1995-ல் வெளிவந்தது.

13 பெண்களை அழைத்தார்கள். அவர்கள் எல்லோரும், நினைவு மங்கும் நோயால் படுத்துவிட்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள். பெற்ற தாயே "நீ யார்?" என்று கேட்கும் நோய் அது. பார்த்துக்கொள்பவருக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை.

இன்னொரு பக்கம், அப்படிப்பட்ட பாரம் இல்லாத வேறு 13 பெண்கள். வயதும் குடும்ப வருமானமும் இரண்டு பக்கமும் ஒத்து இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

26 பேருக்கும் முன்கையில் ஒரு சின்னக் காயம் செய்தார்கள். அகலம் மூன்றரை மில்லிமீட்டர். சிறு மிளகின் அளவு. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். பிறகு காயம் எப்போது ஆறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பாரம் இல்லாத பெண்களுக்குச் சராசரி 39 நாளில் ஆறியது. பாரம் சுமந்த பெண்களுக்கு 48 நாளுக்கு மேல் ஆனது. 9 நாள் அதிகம்! எல்லோருக்கும் ஒரே அளவுக் காயம்தான்.

அதே பல்கலைக்கழகத்தார் 1998-ல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். இந்த முறை பல் வைத்தியக் கல்லூரி மாணவ-மாணவிகள் 11 பேர். வாய்க்கு உள்ளே மேல் அண்ணத்தில் ஒரு சிறு காயம். அதைக் கோடை விடுமுறையில் ஒரு தடவை செய்தார்கள். பரீட்சைக்கு 3 நாள் முன்னதாக இன்னொரு தடவை, வேறு இடத்தில் செய்தார்கள்.

பரீட்சை நேரத்துக் காயம் ஆறுவதற்கு 40 சதவீதம் அதிக நாள் பிடித்தது. 11 பேரில் ஒருவருக்குக்கூடப் பரீட்சைக் காயம் விடுமுறைக் காயத்தைப்போல் வேகமாக ஆறவில்லை. இத்தனைக்கும் அவர்கள் இளைஞர்கள், நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள்.

வீட்டுச் சண்டை

மூன்றாவது சோதனைதான் நம் வீடுகளுக்கு ரொம்பப் பொருந்தும். இது 2005-ல் வெளிவந்தது.

42 கணவன்-மனைவி ஜோடிகள். கையில் சிறு கொப்புளங்கள் உண்டாக்கினார்கள். ஒரு தடவை வந்தபோது, ஒருவருக்கு ஒருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். இன்னொரு தடவை, வீட்டில் எதைப் பற்றித் தகராறோ அதையே பேசச் சொன்னார்கள். பணமோ, மாமியாரோ, எதுவோ!

தகராறு பேசிய தடவை, கொப்புளம் ஆற ஒரு நாள் கூடுதலாயிற்று. அது மட்டும் அல்ல. எப்போதும் எரிந்து விழுந்துகொண்டு இருந்த ஜோடிகளுக்கு, மற்றவர்களைப் பார்க்கிலும் மிக மெதுவாக ஆறியது. மற்றவர்களின் வேகம் 100 என்றால் இவர்களுக்கு 60தான்.

"நான் பேசுகிற பேச்சுக்கும் அவர் காலில் உள்ள புண்ணுக்கும் என்ன?" என்று இனிமேல் யாரும் கேட்க முடியாது.

உடைந்த குளக்கரை

மனதில் உள்ள கவலை தோலில் உள்ள புண்ணுக்கு எப்படி வந்து சேருகிறது?

நாஞ்சில் நாட்டில் குளங்களுக்குப் பஞ்சம் இல்லை. மழையில் ஒரு குளத்தின் கரை உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன செய்வார்கள்? ஆளைக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் சேற்றை, குப்பையை அள்ளி எறிவார்கள். பிறகு மண் போடுவார்கள். கடைசியில் கெட்டித்துக் கரையை உயர்த்துவார்கள்.

காயம் பட்டால் உடம்பும் இதைத்தான் செய்கிறது. முதல் சில நாளில் காயத்தைச் சுற்றிச் சிவக்கும், வீங்கும், சூடு தெரியும். அது ஆள் கூப்பிடும் வேலை. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. கிருமியையும் செத்த சதையையும் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. அப்புறம்தான் புதுச் சதையும் புதுத் தோலும் வளரும்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல ஒரு சுரப்பி உட்கார்ந்து இருக்கிறது. பெயர் அட்ரீனல். கவலையும் பயமும் நீடித்தால், அது கார்ட்டிசால் என்ற சத்தை அதிகமாக விடுகிறது. இந்த கார்ட்டிசால், ஆள் கூப்பிடும் அந்த முதல் வேலையை அடக்கிவிடுகிறது. கூப்பிடுகிற குரலே மெலிந்தால் கரைக்கு யார் வருவார்கள்?

அதே சுரப்பி அட்ரினலின் என்ற சத்தையும் விடுகிறது. இது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பயந்தவன் முகம் வெளுத்துப்போவது இதனால்தான். ரத்தம் குறைந்தால் பிராணவாயு குறையும். பிராணவாயு இல்லாமல் புதுச் சதை வளராது.

கார்ட்டிசால் ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றிவிடும். நீரிழிவுக்காரருக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கவலை மாதிரியே வேலை செய்யும் இன்னொன்று, வலி. ஓயாத வலி உடம்புக்கு ஓயாத பயம் மாதிரிதான். அமெரிக்காவில் வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 17 பெண்களைப் பார்த்தார்கள். இந்தச் சோதனை 2006-ல் வெளிவந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு வலி அதிகமோ, அவர்களுக்குக் கையில் செய்த சோதனைக் காயமும் மெதுவாகவே ஆறியது. வலி வயிற்றில், காயம் கையில்!

இவை எல்லாம் சோதனைக்காகச் செய்த சின்னக் காயங்கள்தானே, பாட்டியின் காலில் இருப்பது போன்ற பழம்புண்ணுக்கும் இது பொருந்துமா? இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாடு. அதன் தலைநகர் கார்டிப். அங்கே, காலில் ஆறாத புண் உள்ள 53 பேரைப் பார்த்தார்கள். 2001-ல் வெளியிட்டார்கள். மனக்கவலையும் சோர்வும் அதிகமாக இருந்த பாதிப் பேருக்கு, மற்றப் பாதிப் பேரைக் காட்டிலும் புண் தாமதப்படும் வாய்ப்பு 4 மடங்கு இருந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கவலையால் புண் தாமதப்பட்டதா, ஆறாத புண்ணால் கவலை வந்ததா? இரண்டும்தான். செக்குமாடுபோல ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. எங்கேயாவது ஓர் இடத்தில் அந்தச் சுற்றை நிறுத்த வேண்டும்.

வலியே இல்லாவிட்டால்?

அப்படியானால் வலி என்பதே கெடுதல்தானா? வலியே இல்லாமல் போய்விட்டால் நல்லதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, கருங்கலில் இருந்து சில மைல் தூரத்தில் உள்ள நெய்யூருக்குப் போக வேண்டும்.

நெய்யூரில் 1838-ல் மிஷன் வைத்திய வேலை தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே. அந்த ஆஸ்பத்திரிக்கு 1923-ல் ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் ஹோவர்டு சாமர்வெல். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப்போன கூட்டத்தில் 1922-லும் 1924-லும் இருந்தவர். ஏறத்தாழ 28 ஆயிரம் அடி உயரம் வரை, பிராணவாயுக் குப்பி இல்லாமல் ஏறியவர்! 1922-ல் மலையில் இருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூரில் நோயாளிகள் கூட்டமும், அறுவை வைத்தியம் செய்ய ஒரே ஒரு டாக்டரும் இருப்பதைக் கண்டார். இலண்டனில் கிடைக்க இருந்த பெரிய வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். நம் பக்கத்துக் கிழவர்களின் பேச்சில் அவர் பெயர் இன்னும் அடிபடும்.

அந்தக் காலத்தில் தெருவோரம் ஆறாத புண்ணோடு உட்கார்ந்து இருந்தவர்கள் பெரும்பாலும் தொழுநோயாளிகள். நெய்யூர் மிஷன் அவர்களுக்கும் வைத்தியம் செய்தது. ஆனால் விரல் ஏன் உதிர்கிறது, பாதம் ஏன் புண்ணாகிறது என்பது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. "நோய் சதையை அரிக்கிறது" என்றே நினைத்தார்கள்.

சாமர்வெல் 1949-ல் நெய்யூரில் இருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்கு முன்பே, 1946-ல், இன்னொரு அறுவை வைத்தியர் வந்து சேர்ந்து இருந்தார். டாக்டர் பால் பிராண்டு. வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல்!

ஒரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க பிராண்டு படாத பாடு பட்டார். சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற தொழுநோய்ச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். "இவ்வளவு பலமா?" என்று வியந்து பார்த்தால், தரையில் ரத்தத் துளி. சிறுவனின் விரலில் எலும்பு தெரியும்படி வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை.

பிராண்டுக்குப் பொறி தட்டியது. இந்த நோய் சதையை அரிக்கவில்லை. நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாதவன் கொதிக்கும் பானையை வெறும் கையால் இறக்குகிறான். செருப்பில் ஆணி ஏறினாலும் நடக்கிறான். புண் வந்தாலும் அதன்மேலேயே நடக்கிறான்.

சில நோயாளிகளுக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் காலையில் குறைந்து இருந்தது. விழித்து இருந்து காவல் காத்தார்கள். வந்தது எலி! கடித்தாலும் வலி தெரியாததால் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

புண் உள்ள பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரம் படாமல் வைத்தார் பிராண்டு. மாதக்கணக்கில் ஆறாத புண் ஆறத் தொடங்கியது. நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பும் செய்து கொடுத்தார்கள். ரப்பர் மரத்துக்குக் கத்தி வைக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படலாம்.

பிற்காலத்தில் பிராண்டு அமெரிக்காவுக்குப் போய், கருவியால் செயற்கை வலியை உண்டாக்க முயன்றார். அபாயம் வந்தால் கருவி எச்சரிக்கும். முயற்சி தோற்றது. காரணம்? எச்சரிக்கை தொந்தரவாக இருந்ததும், நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டார்கள்!

இன்று தொழுநோய்க்கு நல்ல மருந்து உண்டு. ஆனால் வலியைத் திருடும் வேறொரு நோய் பெருகிவிட்டது. அதுதான் சர்க்கரை வியாதி. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு சொல்கிறது. பல வருஷம் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இருந்தால் பாதத்து நரம்பு கெடும். முள் குத்தினாலும் தெரியாது. "வலிக்கவே இல்லையே, சின்னப் புண்தானே" என்று இருந்துவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர் காலில் வலிக்காத புண் என்றால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆகவே எந்தப் புண்ணாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றே. "வலிக்கிறதா?" வலிக்கவே இல்லை என்றாலும் ஆபத்து. வலித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து.

என்ன செய்யலாம்?

"கவலைப்படாதே" என்று சொல்வது மிகச் சுலபம். அதைப்போல உதவாத வார்த்தையும் இல்லை. சில வீடுகளில் அதுவே திட்டாகவும் மாறிவிடுகிறது. "நீ கவலைப்படுவதால்தான் ஆறவில்லை" என்று நோயாளி தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். காலில் புண், கூடவே பழியும்!

வலியைக் குறைப்பது அதைவிட உருப்படியான காரியம். கட்டு மாற்றும் நேரம்தான் பலருக்கு எமன். காய்ந்து ஒட்டிய துணியைப் பிய்த்து எடுக்கிறார்கள். வளர்ந்த புதுத் தோலும் அதோடு வந்துவிடுகிறது. சுத்தமான உப்பு நீரில் ஊறவைத்துவிட்டு, மெதுவாக எடுக்க வேண்டும். ஒட்டாத கட்டுத் துணிகளும் இப்போது வந்து இருக்கின்றன. டாக்டரைக் கேட்டு, கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை கொடுக்கலாம்.

நரம்பு சுருட்டியதால் வந்த புண்ணுக்கு முக்கியமான வைத்தியம், பாதத்தில் இருந்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றும் கட்டு. காலில் கெட்ட ரத்தம் தேங்காமல் மேலே ஏற அது உதவும். வலிக்கிறது என்று பலர் அதை அவிழ்த்துப் போட்டுவிடுகிறார்கள். வலியைக் கேட்காத வைத்தியம் இப்படித்தான் வீணாகிறது. ஆனால் தானாக இறுக்கிக் கட்டக்கூடாது. காலுக்கு நல்ல ரத்தம் சரியாகப் போகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே கட்ட வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு சங்கதி. "புண்ணுக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது" என்று பத்தியம் வைத்து, வெறும் கஞ்சியும் மரச்சீனியும் கொடுக்கிறார்கள். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீனை ஒதுக்குவது என்ன நியாயம்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு மருந்து கடையில் கிடைக்காது. இங்கிலாந்தில் சப்போக் பகுதியில் ஒரு நர்சு 1995-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார். கால் புண் உள்ளவர்கள் தனித்தனியாக வீட்டில் முடங்கிக் கிடக்காமல், வாரம் ஒரு நாள் ஊர்ப் பொது இடத்தில் கூடுவார்கள். அங்கேயே எல்லோருக்கும் கட்டு மாற்றுவார்கள். தேநீர் குடிப்பார்கள், கதை பேசுவார்கள். அதற்குப் பெயரே "கால் சங்கம்"!

ஆஸ்திரேலியாவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 67 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சங்கத்துக்கு வரச்சொன்னார்கள். மறு பாதிக்கு நர்சு வீட்டுக்குப் போனார். சங்கத்துக்கு வந்தவர்களுக்குப் புண்ணும் நன்றாக ஆறியது, வலியும் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கிய பிறகு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க நர்சும் வருகிறார். வரும்போது வலியைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் வாய் திறந்து சொல்ல வேண்டியது நம் வேலை. கேட்கட்டும் என்று காத்து இருக்க வேண்டாம்.

மறுபடியும் திண்ணை

இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போனோம்.

இப்போது ஒரு நர்சு வாரம் இரண்டு முறை வருகிறார். கட்டு மாற்றுவதற்கு முன் மாத்திரை. துணியை நனைத்து எடுக்கிறார். டாக்டர் பார்த்து, அழுத்தக் கட்டும் போட்டு இருக்கிறார்கள். "கால் எடுக்கத் தேவை இல்லை" என்று அவர் பாட்டியின் முகத்தைப் பார்த்தே சொன்னாராம். கட்டில் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி இருக்கிறார்கள். நாற்றம் குறைந்துவிட்டது.

மருமகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வாராவாரம் புண்ணின் நீள, அகலத்தை அளந்து எழுதி வைத்து இருக்கிறார். முதல் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவு. கடைசிப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு. "மாமிக்கு இத வாசிச்சுக் காட்டணும். இல்லேன்னா என்ன விடமாட்டாவ" என்று சிரித்தார்.

திண்ணையில் பேரன் உட்கார்ந்து இருந்தான். பாட்டியின் நீட்டிய காலுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டு இருந்தான். பாட்டிக்குப் பாடம் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார்.

"எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டோம்.

"புண்ணு இன்னும் கொஞ்சம் இருக்கு மக்களே. ஆனா நேத்து ராத்திரி உறங்கிட்டேன். விடிஞ்ச பொறவுதான் முழிச்சேன்" என்றார்.